தெமியாங்கிலிருந்து பகாவ் வரை: ஒரு நாள் மழைத் துரத்தலும் தோட்டத் தமிழும்



அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், இடியையும் மழையையும் பற்றிப் பேசுவதற்கு மொழி மன்றத்தின் மேடை எதற்கு என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒரு நாளின் கதையைச் சொல்ல வந்திருக்கிறோம். நாங்கள் நால்வர்: தமிழ்ப்பள்ளி ஆசிரியர் இருவர், பணி ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர் ஒருவர், நான்காம் படிவ மாணவர் ஒருவர். வானிலை எங்களில் எவரும் கற்ற துறையன்று. சிரம்பானில் தெமியாங் பகுதியில் ஒருவர் வீட்டு முற்றத்தில் மழைமானி ஒன்றை வைத்து நாள்தோறும் அளந்து எழுதுவதில் தொடங்கிய பழக்கம், விடுமுறை நாள்களில் மழையைத் தேடிக் காரில் செல்லும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வீட்டார் இதற்கு வைத்திருக்கும் பெயரை இம்மேடையில் சொல்ல இயலாது.

அமெரிக்காவின் நடுச் சமவெளிகளில் புயலைத் துரத்திச் செல்வோர் ஒரு பெருங்கூட்டமாகவே உள்ளனர். டேவிட் ஹோட்லி என்பவர் 1956-ஆம் ஆண்டு வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் இதைத் தொடங்கினார். 1977-இல் இதற்கென்றே ஓர் இதழையும் நடத்தத் தொடங்கினார். 1996-இல் 'டுவிஸ்டர்' என்னும் திரைப்படம் வந்தபின் உலகமே இதனை அறிந்தது. அங்கே நிலம் தட்டையானது, மரங்கள் குறைவு. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் எழும் முகிலை அடியிலிருந்து முடிவரை காணலாம். உயரம் ஏற ஏறக் காற்றின் திசையும் வேகமும் பெரிதும் மாறுவதால் முகில் முழுவதும் சுழலத் தொடங்குகிறது. பல மணி நேரம் உயிரோடிருந்து பல நூறு கிலோமீட்டர் நடக்கிறது. அதனைத் துரத்துவது என்பது சொல்லுக்குச் சொல் உண்மை.

நெகிரி செம்பிலானில் நிலைமை வேறு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து மூன்று பாகைக்கும் குறைவான தொலைவில் இருக்கிறோம். மேல்காற்று பெரும்பாலும் மெலிந்தே வீசும். ஆகவே இங்கே எழும் இடிமுகில் எழுந்த இடத்திலேயே பெரும்பாலும் நின்று, ஒரு மணி நேரத்துக்குள் பொழிந்து, அங்கேயே அழிந்துவிடும். ஆனால் எண்ணிக்கையில் நமக்குக் குறைவில்லை. கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள்கள் இடி கேட்கிறது. உலகில் மிகுதியாக இடி முழங்கும் இடங்களுள் நம் மேற்குக் கரையும் ஒன்று. துரத்துவதற்கு ஓடும் புயல் இல்லை. பிறக்கப்போகும் இடத்தை முன்னறிந்து அங்கே போய் நிற்பதே இங்குள்ள கலை.

கல்லாதார் இத்துறையில் தலையிடலாமா என்னும் ஐயம் எழலாம். முகில்களுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்களின் அடிப்படையை 1802-இல் ஒரு சொற்பொழிவில் முன்வைத்த லூக் ஹோவர்டு, இலண்டனில் மருந்து வேதிப்பொருள் செய்து விற்றவர். 'சைக்ளோன்' என்னும் சொல்லைப் படைத்த ஹென்றி பிடிங்டன் கப்பல் தலைவராக இருந்து கல்கத்தாவில் குடியேறியவர். பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை ஆக்கினார். மாத்லா ஆற்றங்கரையில் புதுத் துறைமுகம் கட்டினால் கடல் பொங்கி அதை அழிக்கும் என்று 1853-இல் ஆளுநர்த் தலைவருக்கு எழுதினார். எவரும் கேட்கவில்லை. 1867-இல் புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. அப்போது அவர் உயிரோடில்லை. நம் காலத்தில், 2015-ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாள் சென்னையைச் சூழ்ந்த பெருமழையின்போது, தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நேரத்தில், மக்கள் கைப்பேசியில் தேடிப் படித்தது 'தமிழ்நாடு வெதர்மேன்' என்று பெயர் பெற்ற பிரதீப் ஜான் என்னும் ஆர்வலரின் பதிவுகளை. அவரும் வானிலைத் துறை அலுவலர் அல்லர். பெயரிடுவதும் எச்சரிப்பதும் ஆர்வலர் கையில் இருந்திருக்கின்றன என்பதற்காக இவற்றைச் சொன்னோம். எங்களை அந்த வரிசையில் வைத்துக்கொள்ளவில்லை.

இனி அந்த நாளுக்கு வருவோம். ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை. இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம். இடிமழைக்குப் பேர்போன மாதம். விடியற்காலை நான்கு மணிக்கு எங்கள் மாணவர் கைப்பேசியில் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டு எங்களை எழுப்பினார். மலாக்கா நீரிணையின்மீது, வில்போல வளைந்த மழைக்கோடு ஒன்று கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

கடலோடிகள் இதனைச் 'சுமத்ரா' என்றே அழைத்து வந்தனர். இரவில் சுமத்ரா தீவின் நிலமும் நம் நிலமும் குளிர்கின்றன; இரு கரையிலிருந்தும் தரைக்காற்று கடலை நோக்கி இறங்குகிறது; வெதுவெதுப்பான நீரிணையின்மீது இரண்டும் மோதி மேலெழ, அங்கே முகில் திரள்கிறது. பல முகில்கள் கைகோத்து ஒரே வரிசையாகி, தென்மேற்குக் காற்றின் உந்துதலில் விடியுமுன் நம் கரையை வந்தடைகின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரை இது நிகழும். வீச்சில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று எழும். நம் நாட்டில் ஓரளவேனும் 'துரத்த'க்கூடியது இந்த ஒன்றுதான். அதுவும் எதிரே வருவது.

தெமியாங்கிலிருந்து போர்ட்டிக்சன் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். ஐந்தரை மணிக்குக் கடற்கரையில் நின்றோம். கடல் அசையவில்லை. புழுக்கம் தாங்கவில்லை. மேற்கே அடிவானம் எங்கும் சத்தமில்லாத மின்னல். ஆறு மணிக்குச் சற்றுப் பின், கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோதுதான் அதன் உருவம் தெரிந்தது: கடலின்மீது குறுக்கே கிடத்திய கரிய உத்தரம்போல, ஓரம் கூராகச் சீவிய முகில். அதன் அடியில் மழைக்கால் இறங்கியிருந்தது. 'மழைக்கால்' என்னும் இச்சொல்லைச் சற்றே நின்று நோக்குங்கள். தொலைவில் முகிலிலிருந்து தரைவரை தாரையாகத் தெரியும் மழைக்குத் தமிழில் வழங்கும் பெயர். அறிவியல் நூல்கள் அதற்குத் தனிக் கலைச்சொல் தேட வேண்டியதில்லை. எங்கள் மாணவர் அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். பாடநூலில் அவர் கற்றது 'இடியுடன் கூடிய மழை' என்னும் மூன்று சொற்கள் மட்டுமே. எல்லா மழைக்கும் அவை மூன்றுதான்.

முதலில் வந்தது காற்று. மேற்கிலிருந்து, குளிராக, ஒரே அடியாக. மணல் காலில் அறைந்தது. கடலோரத்து அரு மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. அடுத்த சில நிமிடங்களில் கடல், வானம், கரை மூன்றும் ஒரே சாம்பல் நிறமாகிவிட, காருக்குள் ஓடினோம். நாற்பது நிமிடம் கொட்டித் தீர்த்தது; பின் தூறலாக இழைந்தது.

காருக்குள் அடைபட்டிருந்த நேரத்தில் எழுந்த விவாதம்தான் இவ்வுரைக்கு வித்து. இக்காற்றைத் தமிழில் என்னவென்று எழுதுவது? நாளேட்டில் எழுதினால் 'புயல் காற்று' என்பார்கள். கூரை பறந்தால் நம் நாட்டில் அது புயல். நாகப்பட்டினத்தில் பிறந்தவர் இதைக் கேட்டால் சிரிப்பார்; அவருக்குப் புயல் என்பது வங்கக்கடலில் பல நாள் சுழன்று, ஊரையே பெயர்த்துக்கொண்டு போவது. அத்தகைய சுழற்புயல் நிலநடுக்கோட்டுக்கு அருகே உருவாவது அரிதினும் அரிது. 2001-ஆம் ஆண்டு திசம்பர் 27-ஆம் நாள் ஜோகூரைத் தாக்கிய 'வாமெய்' ஒன்றரைப் பாகையில் உருவாகி அறிஞர்களை வியக்க வைத்தது. ஆயின் நம் நாளேட்டார் செய்வது பிழையா? மலாயில் 'ரிபுட்' என்பது இடிமழைக் காற்றையும் பெரும்புயலையும் சேர்த்தே குறிக்கும். அதன் நிழலில் நம் 'புயல்' பொருள் விரிந்திருக்கலாம். அதற்கும் முன்னே போனால், திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் 'புயல்' என்பது மழையையே குறிக்கிறது. பழந்தமிழில் முகிலுக்கும் அது பெயர். அழிவு செய்யும் காற்று என்னும் பொருள் பின்னால் வந்தது. ஆகவே சொல் ஒருமுறை மாறியது, கடல் தாண்டி மறுமுறை மாறியது. எங்களுள் மூத்த ஆசிரியர் இதைப் பிழை என்றே கடைசிவரை வாதிட்டார். மற்ற மூவரும் இல்லை என்றோம்.

திசைப்பெயர்களில்தான் சிக்கல் இன்னும் பெரிது. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை என்று நாம் படிக்கிறோம். இவை வெறும் திசைக்குறிகள் அல்ல. கொண்டல் என்றால் கடலிலிருந்து நீர் கொண்டு வரும் காற்று. முகிலுக்கே அது பெயராயிற்று. கோடை என்றால் நிலத்தின்மீது தவழ்ந்து வந்து உலர்த்தும் வெங்காற்று. தமிழகத்தின் கிழக்குக் கரையில் நின்று பார்த்தவர்கள் இட்ட பெயர்கள் இவை. சிரம்பானில் நின்று பாருங்கள். கடல் மேற்கே இருக்கிறது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரின் தென்முனை. விடியலில் நம்மை நனைப்பது மேற்குக் காற்று. அதைக் 'கோடை' என்று எழுதினால் இலக்கணம் சரி, மழை பொய். சிரம்பானில் ரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் பணி செய்ய யாழ்ப்பாணத்திலிருந்து வந்தோர் பலர். அவர்களிடம் மேற்குக் காற்றுக்குக் 'கச்சான்' என்றும், தெற்கிலிருந்து வீசுவதற்குச் 'சோழகம்' என்றும் வேறு பெயர்கள் இருந்தன. அவையும் வேறொரு தீவின் வானத்துக்கானவை. கப்பலில் வந்தவர்கள் சொற்களை மூட்டையில் கட்டிக்கொண்டு வந்தார்கள்; வானத்தை எப்படிக் கொண்டுவருவது?

மழை வெறித்ததும் ரந்தாவ் பக்கம் திரும்பினோம். அங்கே பழைய தோட்ட லயம் ஒன்றில் எங்கள் லாரி ஓட்டுநருக்கு உறவுமுறையான ஒரு மூதாட்டி வாழ்கிறார். வயது எழுபத்தெட்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். காலை மழையில் முற்றத்தில் தேங்கிய நீரைத் தென்னை விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். தேநீர் வந்தது. மழை பார்க்கப் போய் வந்தோம் என்றதும் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மழைய பாக்கவா பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போனீங்க? அது வீட்டுக்கே வருமே, வாத்தியாரே."

தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் மழை வருவதை எப்படி அறிவீர்கள் என்று கேட்டோம். மாணவர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அவர் சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறோம்.

"தீம்பார்ல நின்னா வானம் எங்கங்க தெரியும்? மேல எல கூடித்தான் கெடக்கும். சத்தந்தான் கணக்கு. கடப்பக்கமிருந்து இரைஞ்சுக்கிட்டு வரும். அது காத்து இரைச்சலா மழை இரைச்சலான்னு மொதல்ல தெரிஞ்சிக்கணும்."

"அதை எப்படிப் பாட்டி தெரிஞ்சிக்கிறது?"

"காத்துன்னா ஏறும், எறங்கும். மழைன்னா ஒரே சீரா நெருங்கி வரும், நிக்காது. அது கேட்டதும் வாளியத் தூக்கிக்கிட்டு ஓடணும். மங்குல இருக்கிற பால ஊத்திக்கணும். இல்லேன்னா தண்ணி ரொம்பி பால் தரையில போயிடும். அன்னைக்குப் பாடு அவ்வளவுதான்."

கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு ஒன்று புலப்பட்டது. அமெரிக்கச் சமவெளியில் புயல் ஆர்வலர் கண்ணால் பார்க்கிறார். ரப்பர்க் காட்டுக்குள் நின்றவர்களுக்குக் கண் பயன்படவில்லை. வானம் மர வரிசைகளுக்கு இடையே ஒரு கீற்றாகத்தான் தெரியும். ஆகவே அவர்கள் செவியால் வானிலை படித்தார்கள். கணக்கிட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மழை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 72 வினாடி எடுக்கும். ஒரு கிலோமீட்டர் அப்பால் இலைகளின்மீது விழும் அதன் ஓசை மூன்றே வினாடியில் காதை அடையும். நடுவே இருக்கும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மிகுந்த காலத்தில் எத்தனை மரத்துப் பாலை மீட்க முடியும் என்பதே ஒரு குடும்பத்தின் அன்றைய கணக்கு. பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். மரத்துக்குள் நீரழுத்தம் அப்போதுதான் மிகுதி. சுமத்ரா வருவதும் அதே நேரம். முந்திய இரவே பெய்துவிட்டால் பட்டை ஈரம். ஈரப்பட்டையில் வெட்டக் கூடாது. பெரட்டுக்குப் போய்க் காத்திருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டும். வெட்டினால்தான் கூலி என்று இருந்த காலத்தில், மழை என்பது இயற்கைக் காட்சியன்று. மாதச் சம்பளம் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்ததன் பின்னணியில் இந்த ஈரப்பட்டையும் இருந்தது.

பாட்டி இன்னொன்றும் சொன்னார். அவருடைய தாயார் தஞ்சைப் பக்கத்திலிருந்து சிறு பெண்ணாக வந்தவர். வந்த புதிதில் மழைக்கு ஈசானி மூலையைத்தான் பார்ப்பாராம். "அங்கேயே பாத்துக்கிட்டு நிக்கும். மழை பின்னால வந்து நனைச்சிட்டுப் போயிடும். அப்புறந்தான் கடப்பக்கம் காது குடுக்கப் பழகிச்சு" என்று சிரித்தார்.

தஞ்சையில் வடகிழக்கு மூலையில் மின்னினால் மழை வரும் என்பது மூடநம்பிக்கையன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று அத்திசையிலிருந்துதான் வருகிறது. அந்த அறிவு இங்கே பிழையாயிற்று. ஒரு தலைமுறைக்குள் அதைத் திருத்திக்கொண்டார்கள். ஈசானி, கன்னி என்னும் மூலைகள் மனை முகூர்த்தத்துக்கு மட்டும் என்று ஒதுங்கின. மழைக்குக் 'கடப்பக்கம்', 'மலப்பக்கம்' என்று புதிய திசைகள் உருவாயின. எந்த அகராதிக் குழுவும் கூடி எடுத்த முடிவன்று இது. நனைந்தவர்கள் எடுத்த முடிவு. பாட்டியின் லயத்தைச் சுற்றி இப்போது பால்மரம் இல்லை, செம்பனை. சிரம்பானைச் சுற்றிப் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. காடு போனதும் அந்த இரைச்சலும் போயிற்று. ஓட்டுக் கூரையின்மீது மழை விழும்போதுதான் நமக்குத் தெரிகிறது. சத்தம் போனபின் அதற்குரிய சொல் எத்தனை நாள் இருக்கும்?

நண்பகலில் தெமியாங்குக்கு மீண்டோம். மலாயில் தெமியாங் என்பது ஒருவகை மூங்கிலின் பெயர். இன்று அங்கே மூங்கிலைவிடக் கடைவீடுகள் மிகுதி. மழைமானியில் 31 மில்லிமீட்டர் இருந்தது. பிற்பகலில் மலைமேல் பெரிய முகில் எழும் என்று எதிர்பார்த்து மொட்டை மாடியில் காத்திருந்தோம். எழவில்லை. ஆர்வலர்கள் மீண்டும் மீண்டும் செய்யும் பிழை இது. காலையில் சுமத்ரா கடந்துபோன நிலத்தில் குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிடுகிறது. மேலே அதன் எச்சமாகிய மென்முகில் வெயிலை மறைக்கிறது. தரை சூடேறாவிட்டால் முகில் எழாது. ஒரே நாளில் காலையும் மாலையும் பெருமழை வேண்டும் என்பது பேராசை.

ஆனால் மலைக்கு அப்பால் கதை வேறாக இருந்தது. காலை மழைக்கோடு தொடரைக் கடக்குமுன்னே நைந்துவிட்டது. ஜெம்போல் சமவெளி காலை முழுவதும் வெயிலில் காய்ந்திருந்தது. இரண்டரை மணிக்கு ரேடாரில் பகாவ் அருகே ஒரு புள்ளி முளைத்தது. புக்கிட் புத்துஸ் ஏறி, கோலப்பிலா கடந்தபோது, இடப்பக்கம் வயல்வெளி திறந்த இடத்தில் அதை முழுதாகக் கண்டோம். காலிஃபிளவர்போல மொக்கு மொக்காக மேலெழும் வெண்ணிறத் தூண். மொக்குகள் கூர்மையாகத் தெரியும்வரை அது வளர்பருவம். உள்ளே எல்லாம் மேல்நோக்கி ஓடுகிறது. உச்சி மழுங்கி, பட்டறைக்கல்போல் பரவத் தொடங்கினால் முதிர்பருவம். மேலெழுவதும் கீழிறங்குவதும் ஒரே முகிலுக்குள் அருகருகே நடக்கும். மழை முழுவதும் கீழிறங்கத் தொடங்கியதும் ஊட்டம் அறுந்து தேய்கிறது. இம்மூன்று பருவங்களையும் 1946, 1947-ஆம் ஆண்டுகளில் புளோரிடாவிலும் ஒகாயோவிலும் வானூர்திகளை இடிமுகிலுக்குள்ளேயே செலுத்தி அளந்து கண்டனர். நாங்கள் சாலையோரம் நின்று, தேநீர் குடித்து முடிப்பதற்குள் முதல் இரண்டையும் கண்டோம். நம் வட்டாரத்தில் முகிலின் உச்சி பதினைந்து கிலோமீட்டரைத் தாண்டும். எவரெஸ்ட்டை விட ஏறத்தாழ இருமடங்கு உயரம்.

இனிச் சொல்லப்போவது எங்கள் தவறு. மாணவர்கள் முன்னிலையில் சொல்வதே முறை.

பகாவ் சாலையில் செம்பனைக்கு நடுவே ஒரு திறந்தவெளியில் காரை நிறுத்தினோம். மழை எங்கள்மீது இன்னும் விழவில்லை. இடி முழங்கிக்கொண்டிருந்தது, ஆனால் அந்த முகில் அப்பால் இருப்பதாக எங்களுக்குத் தோன்றியது. மாணவர் முக்காலியையும் படக்கருவியையும் எடுத்துக்கொண்டு இருபதடி தள்ளிப் போய் நின்றார். அனுமதித்தவர்கள் நாங்கள், இரண்டு ஆசிரியர்கள். ஒரு மின்னல் வெட்டியது. நாங்கள் எண்ணத் தொடங்கி இரண்டு முடியுமுன் இடி கேட்டது. ஒலி மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் செல்லும். எனவே அது எழுநூறு மீட்டருக்குள் விழுந்திருக்கிறது. கத்தி அழைத்தோம். அவர் ஓடிவந்து கதவைச் சாத்திய சில நொடிகளில் அடுத்தது திறந்தவெளியின் விளிம்பில் இருந்த செம்பனை ஒன்றின்மீது இறங்கியது. ஒளியும் ஓசையும் ஒன்றாக வந்தன. மட்டையிலிருந்து புகை எழுந்து மழையில் கரைந்தது. காருக்குள் எவரும் நெடுநேரம் பேசவில்லை. முக்காலி வெளியே நனைந்துகொண்டிருந்தது.

மழைக்கால் இறங்கிய இடத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும் என்பது எங்களுக்குத் தெரியும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வினாடிக்குக் குறைவாக இருந்தால் கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும், கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை வெளியே வரக் கூடாது என்பதும் தெரியும். காரில் நம்மைக் காப்பது ரப்பர்ச் சக்கரமன்று, சுற்றியுள்ள உலோகக் கூடு என்பதும் தெரியும். தெரிந்திருந்தும் தவறினோம். 2013-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் ஒக்லகோமாவின் எல் ரீனோவில், நான்கு கிலோமீட்டருக்கு மேல் அகன்ற சுழற்காற்றில் சிக்கி மாண்டவர்களுள் டிம் சமாராஸும் அவர் மகனும் உடன் சென்ற கார்ல் யங்கும் அடங்குவர். சமாராஸ் அத்துறையில் எச்சரிக்கைக்குப் பெயர் பெற்றவர். எங்கள் கதை அதனோடு ஒப்பிடத் தக்கதன்று. ஆயினும் அன்று இரவு எங்கள் நினைவில் வந்தது அதுதான்.

இங்கும் மொழிக்கு ஒரு பங்குண்டு என்று நினைக்கிறோம். 'இடி விழுந்து இறந்தான்' என்று சொல்கிறோம். இடி என்னும் சொல் இடித்தல், தாக்குதல் என்னும் வினையோடு ஒட்டியது. முன்னோர் தாக்குதலையும் ஓசையையும் ஒன்றாகவே கண்டனர். ஆனால் கொல்வது மின்னல். கேட்ட இடி, நம்மைக் கொல்லாமல் போன மின்னலின் ஓசை. இடிக்கு அஞ்சும் பிள்ளை இடி ஓய்ந்ததும் திடலுக்கு ஓடுகிறது. இடி கேட்டால் 'அர்ச்சுனா, அர்ச்சுனா' என்று சொல்லச் சொன்ன பாட்டிமார், அதை வீட்டுக்குள் வந்து சொல்லச் சொன்னார்கள்; அந்தப் பாதியை நாம் மறந்துவிட்டோம். ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். திடலில் விளையாட்டுப் பயிற்சி நடக்கும்போது மின்னலிலிருந்து எண்ணத் தொடங்கும் பழக்கத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் தமிழில் கற்றுக்கொடுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குக் கருவி எதுவும் வேண்டா. நெட்டை மரத்தடியில் ஒதுங்கும் பழக்கத்தையும் அன்றே நிறுத்துங்கள்.

இன்னொன்றும் கேட்கிறோம். ஒரே அகலமுள்ள, அடி தட்டையான கண்ணாடிக் குவளை ஒன்றும் அளவுகோலும் இருந்தால் எந்தப் பள்ளியிலும் மழையை அளக்கலாம். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். தோட்ட அலுவலகங்களில் கிராணிமார் காலைதோறும் இதைத்தான் செய்தார்கள். அளவோடு, எந்தப் பக்கமிருந்து வந்தது, முதலில் வந்தது காற்றா மழையா, தூறலா சாரலா கொட்டியதா, வீட்டுப் பெரியவர்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். அளவை வானிலைத் துறை நம்மைவிட நன்றாக எடுத்துவிடும். அந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்ப வேறு எவரும் இல்லை.

அன்று மாலை ஆறரைக்கு ஜெம்போல் முகில் தேய்ந்து, அதன் பரந்த தலை மட்டும் செந்நிறமாக மேலே மிதந்தது. எட்டு மணிக்குத் தெமியாங் வந்து சேர்ந்தோம். மாணவரின் தாயாரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னோம். அவர் எங்களைப் பேசியது இங்கே தேவையில்லை, பேசியது நியாயம். பிறகு எங்கள் குறிப்பேட்டில் அன்றைய வரியை நிரப்பினோம். நாள், நேரம், 31 மில்லிமீட்டர். காற்றின் பெயர் என்ற கட்டத்தில் மூத்த ஆசிரியர் 'கோடை' என்று எழுத முற்பட்டு, பேனாவைக் கீழே வைத்தார். மாணவர் அதை எடுத்து, 'கடப்பக்கம், இரைஞ்சு வந்தது' என்று எழுதினார். அது அப்படியே இருக்கிறது.